தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை: காலநிலைப் பணத்தின் தடம் தேடி

முதல் நாள்: தொண்டி, காரங்காடு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டியைத் தாண்டித் தெற்கே இறங்கினால் இடது கைப்பக்கம் பாக் நீரிணை கூடவே வருகிறது. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். காரங்காட்டில் அது அலையாத்திக் காட்டுக்குள் நுழைகிறது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்தும் இடமாகத்தான் பலருக்கும் இந்த ஊர் தெரியும். நாங்கள் வந்தது வேறொன்றுக்காக. வளரும் நாடுகளின் கடலோரங்களுக்கென்று உலக மேடைகளில் பேசப்படும் காலநிலைத் தகவமைப்பு நிதி (மாறும் காலநிலையின் பாதிப்பைத் தாங்க ஊர்களைத் தயார்ப்படுத்தும் வேலைகளுக்கான பணம்), இப்படிப்பட்ட ஒரு ஊரின் சேற்றில் என்னவாக மாறுகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும்.

சேற்றிலிருந்தே தொடங்குவோம். அலையாத்தி அழிந்த இடத்தில் கன்றை மட்டும் நட்டால் பிழைக்காது. மரம் போன பிறகு மண் அமிழ்ந்து தாம்பாளம்போல் குழிந்துவிடும். ஏற்றத்தில் வந்த நீர் வற்றத்தில் திரும்பாமல் அங்கேயே தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போகும். அந்த உப்பில், உப்பை நன்றாகத் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டல்கூடத் தாங்காது. இதற்கான மருந்துதான் மீன்முள் வாய்க்கால். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பகுதிகளில் செய்துகாட்டிய முறை. நடுவில் ஒரு தாய் வாய்க்கால் வெட்டி, அதை ஓடையோடு இணைக்க வேண்டும். அதிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் கிளை வாய்க்கால்கள் பிரியும். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளேதான். ஏற்றத்தில் புது நீர் உள்ளே வரும், வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். கன்றுகளை வாய்க்காலின் அடியிலோ மேட்டிலோ நடக்கூடாது. ஓதம் தொட்டுப்போகும் சரிவின் நடுமட்டத்தில், ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் இடைவெளியில் நட வேண்டும். பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் மட்டம் ஒரு சாண் தவறினாலும் கன்று மூழ்கிச் சாகும், இல்லையென்றால் காய்ந்து சாகும்.

செலவு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்று ஒரு தாய் வாய்க்கால் வெட்டினால் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். நூறு மீட்டர் நீளத்துக்கு 200 கன மீட்டர் மண். இது ஒரு தடவை வேலை அல்ல. ஒவ்வொரு மழைக்கும் கரை சரியும், வண்டல் வந்து அடையும். இரண்டு மூன்று ஆண்டு தூர்வாராமல் விட்டால் வாய்க்கால் மேடாகி, நிலம் பழைய தாம்பாளமாகிவிடும். கன்று மரமாகித் தன் வேரால் தானே மண்ணைப் பிடிக்க அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். திட்டங்களோ பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டில் முடிகின்றன. வெட்டுவதற்குப் பணம் இருக்கிறது, தூர்வாரப் பணம் இல்லை. முதல் ஆண்டில் எண்ணிய கன்றுகளின் கணக்கு அறிக்கையில் அழகாக இருக்கும். ஐந்தாம் ஆண்டில் யாரும் எண்ணப் போவதில்லை. தகவமைப்புத் திட்டம் எதுவானாலும் நாங்கள் முதலில் தேடிப் படிப்பது பராமரிப்புத் தலைப்பைத்தான். அது இல்லாத திட்டத்தை, நல்ல எண்ணத்தோடு எழுதியிருந்தாலும், பாதித் திட்டம் என்றே சொல்வோம்.

நிதி வரும் மாதமும் முக்கியம். வாய்க்கால் வெட்டுவது மண் காய்ந்திருக்கும் கோடையில், கன்று நடுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி. முதல் தவணை ஜனவரியில் வந்து, மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்றால், வாய்க்காலும் கன்றும் ஒரே அவசரத்தில் நடக்கும். இரண்டும் கெடும். கடலின் நாட்காட்டியைத் திட்ட ஆவணத்தின் தவணை அட்டவணைக்குள் எழுதிவிட வேண்டும். கோடைக்கு ஒரு தவணை, ஐப்பசிக்கு ஒரு தவணை.

இரண்டாம் நாள்: தேவிபட்டினம், ராமநாதபுரம்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைப் பார்க்க வரும் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து ராமநாதபுரம் போகும் வழியெல்லாம் கண்மாய், கருவேலம், பனை. நகரத்தில் இருப்பது அலுவலகங்களும் கோப்புகளும். பணத்தின் பாதையைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான இடம்.

முதலில் பணத்தின் அளவு. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025-ஆம் ஆண்டுத் தகவமைப்பு இடைவெளி அறிக்கை, வளரும் நாடுகளுக்கு 2035 வாக்கில் ஆண்டுக்கு 31,000 கோடியிலிருந்து 36,500 கோடி டாலர்வரை தேவைப்படும் என்கிறது. 2023-இல் அரசுகள் வழியாக நாடு கடந்து வந்தது சுமார் 2,600 கோடி டாலர்தான். அதற்கு முந்தைய ஆண்டில் 2,800 கோடி, ஆகவே ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. 2019-இன் அளவை 2025-க்குள் இரட்டிப்பாக்குவதாக, அதாவது ஏறத்தாழ 4,000 கோடியாக்குவதாக, 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. 2024-இல் பாக்கூ மாநாட்டில் எல்லாக் காலநிலைச் செலவுக்கும் சேர்த்து 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்கள். 2025-இல் பெலேம் மாநாட்டில் தகவமைப்பு நிதியை 2035-க்குள் மும்மடங்காக்க அழைப்பு விடுத்தார்கள். வருகிற பணத்திலும் பாதிக்கு மேல் கடனாகவே வருகிறது. வெப்பத்துக்குக் காரணமாகாதவர்கள் தங்கள் கரையைக் காக்க வட்டி கட்டுவது நியாயமில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தியா தன் தகவமைப்புச் செலவின் பெரும்பகுதியைச் சொந்த வரவுசெலவிலேயே செய்கிறது. 2021-22-இல் தகவமைப்போடு தொடர்புள்ள செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.6 விழுக்காடு என்று ஐநாவுக்கு 2023-இல் அளித்த அறிக்கையில் அரசு சொன்னது. ஆகவே ராமநாதபுரத்துக்கு வெளிப்பணம் என்பது மாநில, மத்திய பணத்துக்கு மேல் வரும் ஒரு அடுக்கு.

அந்த அடுக்குக்குச் சில வாசல்கள் உண்டு. ஒன்று, தென்கொரியாவின் சோங்தோவில் தலைமையகம் கொண்ட பசுமைக் காலநிலை நிதியம். நம் நாட்டில் அதன் தொடர்பு அதிகாரம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். அமைச்சகத்தின் ஆட்சேபமின்மைக் கடிதம் இல்லாமல் எந்தத் திட்டமும் நிதியக் குழுவின் மேசைக்குப் போகாது. ஊராட்சியோ மீனவர் சங்கமோ நேராக விண்ணப்பிக்க முடியாது. நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் கருத்துக் குறிப்பு, பிறகு முழு முன்மொழிவு, தொழில்நுட்பப் பரிசீலனை, குழுவின் ஒப்புதல், சட்ட ஒப்பந்தம், அதன் பிறகே முதல் தவணை. இரண்டாண்டுக்குள் முடிந்தால் வேகம் என்றே கொள்ளலாம். நிதியத்திடம் கேட்கும் தொகை இரண்டரைக் கோடி டாலருக்குள் இருந்து, சுற்றுச்சூழல் ஆபத்தும் குறைவாக இருந்தால் எளிய ஒப்புதல் வழி உண்டு. தாள் குறையும், ஆனால் காத்திருப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. முன்மொழிவு தயாரிக்கவே பணமில்லாதவர்களுக்கு 15 லட்சம் டாலர்வரை தயாரிப்பு உதவி கிடைக்கும். இதைப் பலர் கேட்பதே இல்லை.

இன்னொரு வாசல், கியோட்டோ உடன்படிக்கையில் பிறந்த தகவமைப்பு நிதியம். ஒரு நாட்டுக்கு முன்பு ஒரு கோடி டாலர் என்றிருந்த உச்சவரம்பு 2021-இல் இரண்டு கோடியானது. இங்கே நபார்டுதான் தேசியச் செயலாக்க நிறுவனம். மேலாண்மைக் கட்டணம் 8.5 விழுக்காட்டுக்குள்ளும் நிறைவேற்றும் செலவு 9.5 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். முன்மொழிவைத் திருப்பி அனுப்பக் காரணமாகும் இடங்களில் இதுவும் ஒன்று, எழுதும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

ஆந்திரம், மகாராட்டிரம், ஒடிசா மூன்றுக்கும் 2018-இல் பசுமைக் காலநிலை நிதியம் ஒப்புதல் தந்த கடலோரத் திட்டம் ஒரு நல்ல பாடம். மொத்தம் 13 கோடி டாலர் திட்டத்தில் நிதியத்தின் நன்கொடை 4.34 கோடி. மீதி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசுகளின் பணம். வெளிப்பணம் வேண்டுமானால் உள்பணத்தின் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். இன்ன துறை, இன்ன தலைப்பு, இன்ன ஆண்டு, இவ்வளவு ரூபாய் என்று எழுதிய கடிதம். 'இயன்ற ஆதரவு தருவோம்' என்ற கடிதத்துக்கு மதிப்பில்லை.

பெரும்பாலான முன்மொழிவுகள் விழுவது காலநிலைக் காரணம் என்ற பகுதியில். கிணறு உவர்ந்துவிட்டது, ஆகவே கடல்மட்டம் உயர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதுகிறார்கள். வடஇந்தியப் பெருங்கடலில் 1993 முதல் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்வு என்பது புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு. முப்பது ஆண்டில் 10 சென்டிமீட்டர். நிலம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் இருந்தால் 10 சென்டிமீட்டர் உயர்வுக்குக் கடல் 100 மீட்டர் உள்ளே வரலாம். இந்தத் தட்டையான கரையில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் கிணற்றின் உப்புக்குக் கடல் ஒன்று மட்டும் காரணமல்ல. அளவுக்கு மீறி இறைத்ததும், கண்மாய் நிரம்பாமல் ஊற்று ஊறாததும் சேர்ந்தது அது. மூன்றையும் பிரித்து, எந்தப் பங்கு காலநிலையால் என்று நேர்மையாகச் சொன்னால் பரிசீலிப்பவர் நம்புவார். பாம்பனில் நெடுங்காலமாக வானிலை நிலையம் இருக்கிறது. அந்த மழைத் தொடரை எடுத்து, மொத்த மழையை மட்டுமல்லாமல் ஒரே நாளில் 10 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த நாட்களையும், இரு மழைகளுக்கு நடுவில் வறண்டு கிடந்த நாட்களையும் தனித்தனியே போட வேண்டும்.

கண்மாய்க்கும் இதே விதி. பழைய ஆழத்துக்குத் தூர்வாரி, பழைய உயரத்துக்குக் கரை கட்டினால் அது பராமரிப்பு, மாநிலத்தின் கடமை. வெளியார் பணம் தர மாட்டார்கள். புதிய மழைத் தீவிரத்தைக் கணக்கிட்டு, மிகுநீர் வழியும் கலுங்கின் அகலத்தையும் மடையின் அளவையும் மாற்றி வடிவமைத்தால் அது தகவமைப்பு. அந்த மாற்றத்துக்கு ஆகும் கூடுதல் செலவைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தொகையில் கலந்துவிட்டால் முழுவதும் நிராகரிக்கப்படும்.

மூன்றாம் நாள்: மண்டபம், பாம்பன்

மண்டபத்தில் நிலம் ஒரு நாக்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வடக்கே வடகடல், தெற்கே தென்கடல் என்று ஊரார் சொல்கிறார்கள். வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கலங்கும், கச்சான் அடிக்கும்போது தென்கடல் கலங்கும். இந்தக் கரையில் பெண்கள் தலைமுறைகளாக மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வாழ்ந்தவர்கள். கப்பாபைகஸ் என்ற வளர்ப்புப் பாசி பின்னால் வந்தது. மூங்கில் மிதவையில் கட்டி அதை வளர்க்கிறார்கள்.

மிதவைக் கணக்கு எளிது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், மூலைகளில் 4 அடிக் குறுக்குக் கம்புகள். இருபது கயிறு, கயிற்றுக்கு இருபது முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக, ஒரு மிதவைக்கு 60 கிலோ. அடியில் வலை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஓரா மீன் கொழுந்தைத் தின்றுவிடும். பத்து மிதவையை ஒன்றாகக் கோத்து நங்கூரம் போடுவார்கள். நாற்பத்தைந்து நாளில் 240 கிலோ அளவில் வரும். அதில் 60 கிலோ அடுத்த விதைக்கு. மீதி 180 கிலோவைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு, 18 கிலோ. மணலில் போட்டுக் காயவைத்த பாசிக்கு விலை விழும், வலைமேல் காயவைக்க வேண்டும்.

கெடுவது எங்கே? கடல்நீர் சூடானால் நுனி வெளுத்து, உடைந்து, மிதந்துபோகும். ஐஸ்-ஐஸ் என்று அந்த நோய்க்குப் பெயர். ஒரே விதையிலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கிய பயிர் என்பதால் எல்லா மிதவையும் ஒரே வெப்பத்தில் ஒன்றாகச் சாகும். 2013-க்குப் பின் இந்தக் கரையில் பெருமளவில் அப்படி நடந்தது. வாடைக்காலத்தில் அலை மிதவையை உடைக்கும். அதனால் ஆண்டில் சில மாதம் விதையைக் கரையேற்றியோ பாதுகாப்பான நீருக்குக் கொண்டுபோயோ காக்க வேண்டும்.

இப்போது இதற்குக் கடன் எப்படித் தரப்படுகிறது என்று பாருங்கள். மாதத் தவணை, முதல் மாதத்திலிருந்தே. பயிர் 45 நாளுக்கு ஒரு முறை. மழைமாதங்களில் வரவே இல்லை. விதை செத்தால் வாங்க விதையும் இல்லை. மிதவை என்பது வருமானம் தரும் பொருள், அதற்குக் குறைந்த வட்டிக் கடன் பொருந்தும். தவணையை அறுவடையோடு கட்டி, ஐப்பசி முதல் தை வரை விடுப்பு விட வேண்டும். விதை வங்கி அப்படியல்ல. வெப்பம் தாங்கும் விதையைத் தொட்டியில் காப்பதும், வேறு வேறு விதைத் தொடர்களை வைத்திருப்பதும் யாருக்கும் லாபம் தராத, ஆனால் எல்லாரையும் காக்கும் வேலை. அதற்கு நன்கொடைதான் வேண்டும். ஒரே திட்டத்துக்குள் எது கடன், எது நன்கொடை, எது காப்பீடு என்று பிரிப்பதுதான் தகவமைப்பு நிதியின் உண்மையான கைவேலை. எல்லாவற்றையும் கடனாக்கினால் சுய உதவிக் குழுப் பெண்கள் தலையில் கடலின் வெப்பத்தைச் சுமத்துவதாகும். எல்லாவற்றையும் நன்கொடையாக்கினால் பணம் ஒரு சுற்றோடு தீர்ந்துபோகும். தொண்டிக்குத் தெற்கே வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் வரும் கடற்பாசிப் பூங்காவில் விதை வங்கிக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை ஊரார் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கப்பாபைகஸ் நம் கடலின் பாசி அல்ல. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது பவளத்தின்மேல் படர்ந்து மூடியது பதிவாகியிருக்கிறது. தேசியப் பூங்காத் தீவுகளின் பக்கம் அதை வளர்ப்பதாக எழுதிய எந்த முன்மொழிவும் சுற்றுச்சூழல் பரிசீலனையில் நிற்காது, நிற்கவும் கூடாது.

நான்காம் நாள்: ராமேஸ்வரம், தனுஷ்கோடி

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாம்பன், தங்கச்சிமடம் இரண்டும் மிதந்தன. இரண்டாம் நாள் குறிப்பில் சொன்ன கலுங்குக் கணக்குக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்கள் நிற்கின்றன. தகவமைப்பின் எல்லை இதுதான். எந்த வாய்க்காலும் காக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கே வேண்டியது இழப்பு-சேத நிதி. 2022-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட அந்த நிதியம் முதல் சுற்றில் 25 கோடி டாலரை ஒதுக்கியிருக்கிறது. முழுக்க நன்கொடை. ஒரு திட்டத்துக்கு 50 லட்சத்திலிருந்து இரண்டு கோடி டாலர்வரை, பாதியாவது சிறு தீவு நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும். உலகம் முழுமைக்கும் இவ்வளவுதான் என்பது வேதனை.

ஐந்தாம் நாள்: கீழக்கரை, ஏர்வாடி

தென்கடல் கரை. எதிரே மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒரு பகுதி. பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. கீழக்கரைக்கு நேரே இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவும் கடலுக்குள் போய்விட்டன. முன்பு பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். கரையின் கேடயம் பவளம். அதைத் தோண்டினால் அலை நேராகத் தீவில் மோதும்.

இங்கே பணம் வேலை செய்ததற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. தேசியக் காலநிலைத் தகவமைப்பு நிதி 2015-இல் தொடங்கியது, நபார்டு வழியாக மாநிலங்களுக்கு முழு நன்கொடை. மன்னார் வளைகுடாக் கடல்வாழிடங்களை மீட்க அதிலிருந்து 24.74 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு தன் பழைய பரப்பில் பெரும்பகுதியை இழந்து, 2015 வாக்கில் ஏறத்தாழ 2 எக்டேருக்குச் சுருங்கியிருந்தது. அதன் கடல்பக்கத்தில் ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கினார்கள். சென்னை ஐஐடியின் வடிவமைப்பு, தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கள ஆய்வு. தொகுதிகள் துளையிட்டவை. அலையின் வேகத்தைத் தணித்து, நீரையும் மணலையும் கடக்க விடும். திடச்சுவர் கட்டியிருந்தால் அலை அதன் காலடியையே தோண்டியிருக்கும். தீவின் பரப்பு மறுபடி கூடியது, தொகுதிகளில் மீனும் பவளமும் குடியேறின. ஆனால் அந்தத் தேசிய நிதி 2022 நவம்பருக்குப் பின் தனித் திட்டமாக இல்லை. வெற்றி கண்ட வாசல் மூடிக்கொண்டது.

பவளத் துண்டுகளை நடும் வேலையிலும் காலம் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நீர் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் பவளம் வெளுக்கும். 2010-லும் 2016-லும் இங்கே அது பெரிதாக நடந்தது. 2016-இல் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7-க்கு விழுந்தது. கோடைக்குச் சற்று முன் கட்டிய துண்டு வேர்பிடிக்கும் முன்பே வெளுத்துவிடும். கிளைப் பவளம் வேகமாக வளரும், முதலில் சாவதும் அதுதான். உருண்டைப் பவளம் மெதுவாக வளரும், வெப்பத்தைத் தாங்கும். 'இத்தனை ஆயிரம் துண்டு நட்டோம்' என்ற இலக்கைத் திட்டத்தில் வைத்தால் எல்லாரும் கிளைப் பவளத்தையே நடுவார்கள். 'மூன்றாம் கோடைக்குப் பின் உயிரோடு இருப்பது எத்தனை' என்று இலக்கு வைத்தால் கலந்து நடுவார்கள். இலக்கை எழுதும் வரியே கடலடியில் எது நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

காப்பீட்டுக்கு மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலம் ஒரு வழி காட்டியது. அங்குள்ள பவளத்திட்டுக்கு 2019-இல் அளவீட்டுக் காப்பீடு எடுத்தார்கள். காற்றின் வேகம் குறித்த அளவைத் தாண்டினாலே பணம் வரும், சேத மதிப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 2020 அக்டோபரில் 'டெல்டா' என்று பெயரிட்ட புயலுக்குப் பின் சுமார் 8 லட்சம் டாலர் வந்தது. முன்பே பயிற்சி பெற்றிருந்த குழுக்கள் உடைந்த பவளங்களைத் திரும்ப ஒட்டின. பயிற்சி பெற்ற கை இல்லாமல் பணம் மட்டும் வந்திருந்தால் வீண். நம் கரையில் இதைச் செய்வதானால், புயலோடு கடல்வெப்பத்தையும் அளவீட்டுக்குள் சேர்க்காவிட்டால் பயனில்லை, ஏனென்றால் நம் பவளத்தை அதிகம் கொன்றது வெப்பம். வெளுத்த பவளத்தை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அந்தப் பணத்தை நாற்றுப்பண்ணைக்கும், அந்தப் பருவத்தில் மீன்பாடு குறையும் குடும்பங்களுக்கும் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டின் இப்போதைய பெரிய வாசல், உலக வங்கி உதவியோடு நடக்கும் 1,675 கோடி ரூபாய் நெய்தல் மீட்சி இயக்கம். அலையாத்தி, பவளம், கடற்புல், பிளாஸ்டிக் தடுப்பு எல்லாம் அதில் அடக்கம். வங்கிப் பணம் கடன்தான். கடனுக்கு ஏற்ற பராமரிப்பு ஒதுக்கீடு மாநில வரவுசெலவில் ஆண்டுதோறும் தனித் தலைப்பாக வருகிறதா என்று பார்ப்பது சட்டமன்ற உறுப்பினர்களின் வேலை, நம் வேலையும்.

ஆறாம் நாள்: வாலிநோக்கம், மூக்கையூர்

வாலிநோக்கத்தில் மாநில அரசின் உப்பு நிறுவனத்துக்குப் பாத்திகள் இருக்கின்றன. வெயில்தான் இங்கே மூலப்பொருள். அந்த வெயிலே தொழிலாளியின் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுக்கிறது. பருவம் தப்பிய ஒரு மழை, பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்துவிடும். தகவமைப்பு என்றால் சுவரும் வாய்க்காலும் மட்டுமல்ல. நிழற்கூடம், குடிநீர், கழிப்பறை, மதிய வெயிலில் வேலை நிறுத்தும்போது போகும் கூலிக்கு ஈடு, இவையும்தான். கழிப்பறை இல்லாத பாத்தியில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அதனால் குடிநீரை மட்டும் கொண்டுவந்து வைக்கும் திட்டம் பாதியில் நின்றுவிடும்.

இவை தனித்தனியே சிறிய தொகைகள். கோடிக்கணக்கில் பேசும் நிதியங்களுக்கு இவ்வளவு சின்னதைப் பரிசீலிக்கும் செலவே கூடுதல். இதற்கு வங்கதேசம் ஒரு விடை கண்டது. பி.கே.எஸ்.எஃப். என்ற அந்நாட்டு நிறுவனம் பசுமைக் காலநிலை நிதியத்திடம் ஒரு கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக வாங்கி, வெள்ளம் வரும் ஊர்களில் வீட்டு மேடையை உயர்த்துவது போன்ற சிறு சிறு வேலைகளை உள்ளூர் அமைப்புகள் வழியாகச் செய்தது. மேலே ஒரே கோப்பு, கீழே ஆயிரம் வீடு. நம்மிடமும் அந்தக் கட்டமைப்புக்கு வேண்டியவை இருக்கின்றன. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர்தான் இயக்குநர். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளையின் அலுவலகம் ராமநாதபுரத்திலேயே உள்ளது. ஊர்தோறும் மகளிர் குழுவும் கிராம சபையும் உண்டு. ஒரே மாதிரி அளவு, ஒரே மாதிரி மதிப்பீடு, ஒரே மாதிரி கணக்குப் புத்தகம் என்று வைத்து நாற்பது ஊரைச் சேர்த்தால் ஒரு முன்மொழிவாகும்.

மூக்கையூர்ப் பக்கம் மணல்மேடுகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து நிற்கும் மேடு, காசில்லாத தடுப்பரண். அதை அகற்றிக் கல்லைக் கொட்டினால் அந்த இடம் நிற்கும். ஆனால் மணல் ஓட்டம் தடைப்பட்டு, அடுத்த ஊரின் கரை அரிக்கும். அடுத்த ஊரும் கல் கேட்கும். இப்படித்தான் ஒரு தகவமைப்பு இன்னொரு ஊரின் ஆபத்தாகிறது. பசுமைக் காலநிலை நிதியத்தின் விதிப்படி, நடுத்தர ஆபத்துள்ள திட்டத்தின் சுற்றுச்சூழல், சமூக ஆய்வை நிதியக் குழு கூடுவதற்கு 30 நாள் முன்பும், பெரிய ஆபத்துள்ளதை 120 நாள் முன்பும் வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியிலும். அதாவது தமிழில். அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த நிதியத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குத் தமிழிலேயே முறையிடலாம்.

ஊர் இன்றே தொடங்கக்கூடிய வேலை, சான்று சேர்ப்பது. ஒவ்வொரு பெருமழையிலும் நீர் நின்ற மட்டத்தைப் பள்ளிச் சுவரில் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கரையை ஒரே கம்பத்தருகே நின்று, அதே மாதத்தில், வற்ற நேரத்தில் படம் எடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் இடம், நீளம், பராமரிப்பவர் பெயர், ஆண்டுச் செலவு நான்கும் இருக்கட்டும். இரண்டு கிணற்றைத் தேர்ந்து, ஒன்று கரையோரம், ஒன்று ஒரு கிலோமீட்டர் உள்ளே, மாதம் ஒரு முறை கைக்கருவியால் மின்கடத்துத் திறனை அளந்து எழுதுங்கள். காலையில், இறைக்கத் தொடங்கும் முன், ஒரே ஆழத்தில் நீர் எடுக்க வேண்டும். மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. அலகில் வரும் எண்ணை 0.64-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு ஏறத்தாழ லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. கருவியை ஒவ்வொரு முறையும் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. அளவுக் கரைசலில் சரிபார்த்து, அதையும் அதே வரியில் குறிக்க வேண்டும். சரிபார்ப்புக் குறிப்பு இல்லாத அளவீட்டைப் பரிசீலிப்பவர் ஏற்க மாட்டார், ஓராண்டு உழைப்பும் அதோடு போகும். கரைசல் பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்து, காலாவதித் தேதிக்கு முன்பே புதிது வாங்கிவிடுங்கள்.